இரவில் மட்டும் ஏறும் வெப்ப முள்: ஒரு 1997 புரோட்டோன் வீராவின் கோளாறு ஆய்வு

வண்டி மலேசியத் தயாரிப்பான புரோட்டோன் வீரா 1.5 ஜிஎல்ஐ, 1997ஆம் ஆண்டுப் பதிவு, கையால் கியர் மாற்றும் வகை. இஞ்சின் மிட்சுபிஷியின் 4ஜி15: 1468 சிசி, 12 வால்வு, இஞ்செக்‌ஷன். ஓட்டுபவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வீடு பினாங்குத் தீவில் ஜெலுத்தோங் கடலோரம், பள்ளி பெருநிலத்தில். ஆக, பள்ளி நாள் தவறாமல் காலையும் மாலையும் பினாங்குப் பாலத்தைக் கடக்கும் கார். என் பட்டறை பெருநிலத்தில், பிறை என்ற ஊரில். நான் கார் மின்வேலை பார்க்கும் வயர்மேன், இஞ்சின் இறக்கும் வேலையெல்லாம் பக்கத்துக் கொட்டகை ஃபோர்மேனுடையது.

டீச்சர் சொன்ன புகாரை அப்படியே தருகிறேன். புகாரைச் சுருக்கி எழுதிக்கொள்ளும்போதுதான் பாதித் தடயம் தொலைந்துபோகிறது.

"தம்பி, பகல்ல ஒண்ணும் இல்ல. ராத்திரி மழையில ஓட்டினா மட்டும் சூட்டு முள்ளு முக்காலுக்கு மேல ஏறிடுது. அப்புறம் சில நாள் பாலத்து ஜாம்ல போய்க்கிட்டு இருக்கும்போதே இஞ்சின் தானா செத்துடுது. கால் மணி நேரம் கழிச்சு தட்டினா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆவுது. பள்ளி விடுமுறைக்கு காடியை அப்படியே போட்டுட்டு ஊருக்குப் போயிட்டு வந்தா பேட்டரி செத்துக் கெடக்கு. மூணும் ஒரே வியாதியா, வேற வேறயா?"

கேள்வி சரியான கேள்வி. பழைய காரில் ஒரே கோளாறு பத்து வேஷம் போடும்; பத்துக் கோளாறு ஒரே வேஷத்திலும் வந்து நிற்கும். எது எது என்று பிரிக்கத் தெரியாமல் சாமான் மாற்றத் தொடங்கினால், காரின் விலையைவிட பில் பெரிதாகிவிடும். இந்தக் காருக்கு ஏறக்குறைய அதுதான் நடந்திருந்தது.

கோப்பில் இருந்தது

டீச்சர் பழைய பில்களை ஒரு நீலக் கோப்பில் தேதிவாரியாகக் குத்தி வைத்திருந்தார். ஸ்கேனரைவிட அது எனக்கு அதிகம் உதவியது. ரேடியேட்டர் புதிது. கேஜுக்கு, அதாவது சூட்டு முள் இருக்கும் மானிக்கு, போகும் ஒற்றை வயர் வெப்ப சென்சார் புதிது. 'தெர்மோஸ்டாட் கழற்றப்பட்டது' என்று ஒரு பில்லில் கையெழுத்தில் ஒரு வரி. பெட்ரோல் பம்ப் புதிது. ஸ்பார்க் ப்ளக், ப்ளக் வயர் புதிது. பேட்டரி அடுத்தடுத்து இரண்டு.

இதில் எந்தப் பட்டறையையும் திட்ட ஒன்றுமில்லை. ஒவ்வொருவரிடமும் ஒரு புகார் மட்டும் போயிருக்கிறது. அவரவர் தம் அனுபவத்தில் அதிகம் பார்த்த காரணத்தைப் பிடித்து மாற்றியிருக்கிறார்கள். இரவு மட்டும்தான் முள் ஏறுகிறது என்பதை எவரும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

அதுதான் இந்த வழக்கின் சாவி. பினாங்கில் பகல் வெயில் 32, 33 டிகிரி. இரவு மழையில் 25க்குக் கிட்டே இறங்கும். கூலிங்கில் கோளாறு என்றால் நண்பகல் ஜாமில்தான் முள் ஏறவேண்டும். மழை நனைத்துக் குளிரவைத்த ரேடியேட்டரோடு இரவில் ஏறுகிறது என்றால் இரவில் வேறென்ன கூடுகிறது? ஹெட்லைட், வைப்பர், கண்ணாடி மூடுபனிக்குப் புளோவர். சூடு கூடவில்லை, மின்சுமை கூடியிருக்கிறது. சந்தேகப்படவேண்டியது இஞ்சினை அல்ல, முள்ளை.

எர்த்

முதலில் அடிப்படை. வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு பேட்டரி முனையில் 12.5 வோல்ட், நல்ல நிலை. 12.6க்குப் பக்கத்தில் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி என்று வைத்துக்கொள்ளலாம். இஞ்சின் ஓடும்போது 13.9, ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. ஸ்டார்ட்டர் சுறுசுறுப்பாகச் சுற்றுகிறது. எனவே பேட்டரியிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் தடித்த எர்த் கேபிளில் குறையில்லை.

ஆனால் ஹெட்லைட் போட்டுவிட்டு சிக்னல் தட்டினால், சிக்னல் தாளத்துக்கு ஹெட்லைட் வெளிச்சம் லேசாக ஏறி இறங்கியது. ஹார்ன் சளி பிடித்த குரல். கதவுக் கண்ணாடி ஏறுவதற்குள் டோல் சாவடியில் பின்னால் நிற்பவர் ஹார்ன் அடித்துவிடுவார் என்றார் டீச்சர். தனித்தனியாகப் பார்த்தால் இவை வயதான காரின் சில்லறைத் தொல்லை. சேர்த்துப் பார்த்தால் எல்லாமே பாடியை எர்த்தாக வைத்து ஓடும் சாமான்கள்.

காரில் பிளஸ் பக்கத்துக்குத்தான் வயர் இழுத்திருப்பார்கள்; திரும்பும் வழி பெரும்பாலும் பாடியின் தகரமே. அந்தத் தகரத்திலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு வந்து சேர ஒரு சின்ன கேபிள். அது கெட்டால் பாடியில் இருக்கும் எல்லா சாமானும் ஒரே நேரத்தில் சோர்ந்துபோகும்.

இதை ஓம் மீட்டர் வைத்துப் பார்த்துப் பிரயோஜனமில்லை. சாதாரண மல்டிமீட்டரின் இரண்டு வயரையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2, 0.3 ஓம் காட்டும். நாம் தேடுவதோ அதில் ஐந்தில் ஒரு பங்கு. சுமையைப் போட்டுவிட்டு வோல்ட் இழப்பைத்தான் பார்க்கவேண்டும். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வை. ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் ஈயத் தலைமேல். கிளாம்பின் மேல் அல்ல, ஈயத்தின் மேலேயே. மறுமுனை பாடியில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட். இஞ்சின் ஓடட்டும்.

எல்லாம் அணைத்திருக்கும்போது 0.02 வோல்ட். ஹெட்லைட் மட்டும் போட்டதும் 0.6. வைப்பரும் புளோவரும் சேர்ந்ததும் 1.4. அதே நேரத்தில் நெகட்டிவ் தலைக்கும் இஞ்சின் பிளாக்குக்கும் நடுவே 0.04 தான்.

0.1, 0.2க்குள் இருக்கவேண்டிய இடத்தில் 1.4. கிளாம்ப் மீட்டரில் அந்தச் சுமை 25 ஆம்பியர் சுமார். 1.4ஐ 25ஆல் பெருக்கினால் 35 வாட். அவ்வளவும் அந்தச் சின்ன கேபிளின் ஏதோ ஒரு விரற்கடை இடத்தில் வீணாய் எரிகிறது. பாடி போல்ட்டில் மாட்டியிருந்த லக்கை, அதாவது கேபிள் நுனியின் உலோக வளையத்தை, தொட்டேன். விரல் வைக்க முடியவில்லை. கண்ணுக்கு மட்டும் பழுதில்லாத கேபிள்.

முள் ஏன் ஏறியது என்பதற்கும் இதுவே பதில். இந்தக் கேஜின் உள்ளே ஒரு சுருள் பாடி எர்த்தோடு சேர்கிறது. இன்னொன்று சென்சார் வழியாக இஞ்சின் பிளாக்கில் முடிகிறது. இரண்டு எர்த்தும் ஒரே மட்டத்தில் இருக்கும்வரை முள் உண்மை சொல்லும். பாடி 1.4 வோல்ட் உயர்ந்துவிட்டால் பாடி பக்கச் சுருளுக்குக் கரண்ட் குறைகிறது, சென்சார் பக்கத்துக்குக் கூடுகிறது. கேஜுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த விகிதம்தான்; சென்சார் சூடாகிவிட்டது என்று நினைத்து முள்ளை மேலே தள்ளுகிறது. பெட்ரோல் முள் அசையவே இல்லை என்பதையும் கவனித்தேன். டாங்க்கில் உள்ள மிதவையும் கேஜும் ஒரே பாடி எர்த்தில் நிற்பதால் அது ஏமாறவில்லை.

சாமான் வாங்குவதற்கு முன் நிரூபணம் வேண்டும். ஜம்பர் கேபிளில் ஒரு தலையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுதலையைப் பாடியில் உள்ள ஸ்டிரட் போல்ட்டிலும் கவ்வினேன். டீச்சர் ஓட்டுநர் இருக்கையில் இருந்தார். "தம்பி, இறங்குது, இறங்குது" என்று உள்ளிருந்து குரல். முக்காலில் நின்ற முள் கால் கோட்டுக்கும் கீழே போய் நின்றது. கேபிளை எடுத்தால் மறுபடி ஏறியது. அவரே இரண்டு முறை எடுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பழைய கேபிளைக் கழற்றி லக்கின் கழுத்தில் கத்தியால் ரப்பரைக் கீறினேன். பச்சைத் தூள் கொட்டியது. உள்ளே செம்பு இழைகள் கருத்து, தொட்டால் உதிர்ந்தன. நாலைந்து இழைதான் உயிரோடு கரண்ட்டைக் கடத்திக்கொண்டிருந்தது. கழுத்திலிருந்து அரை அடி தள்ளி வெட்டிப் பார்த்தால் அங்கேயும் கருமை. உப்புக்காற்று இழைகளின் இடுக்கில் ஈரத்தோடு ஏறிவிட்டால் கேபிள் முழுக்கப் பரவும். நுனியை மட்டும் வெட்டிப் புது லக் போடுவது ஆறு மாத வேலை. பேட்டரியின் அமில ஆவியும் பக்கத்திலேயே. போதாக்குறைக்கு, எப்போதோ பேட்டரித் தட்டுக்குப் பெயின்ட் அடித்த யாரோ போல்ட் இடத்தையும் சேர்த்துப் பூசியிருந்தார்கள்.

2017 நவம்பர் வெள்ளத்தில் வண்டி நின்றதாம். அதுதான் காரணம் என்று டீச்சர் நினைத்தார். கவர்ச்சியான காரணம்தான். ஆனால் தண்ணீர் சக்கரத்தில் பாதிவரைதான் வந்தது என்கிறார். இந்த போல்ட் அதற்கு வெகு மேலே. கம்பளத்தைத் தூக்கிக் கீழே உள்ள வயர் கட்டையும் பார்த்தேன், உலர்ந்து சுத்தமாக இருந்தது. வெள்ளத்தை விட்டுவிடலாம். வருஷக்கணக்கில் கடலைப் பார்த்துக்கொண்டு வெட்டவெளியில் நிறுத்தியதுதான் காரணம்.

இஞ்சினுக்கும் இஞ்சின் அறையின் பின்சுவருக்கும் நடுவே ஒரு பின்னல் எர்த் ஸ்ட்ராப்பின் மிச்சம் தொங்கியது. இஞ்சின் மவுன்டிங் மாற்றியபோது அறுந்து, போல்ட்டை மட்டும் திரும்பப் போட்டிருக்கலாம். அது இருந்திருந்தால் முதல் கேபிள் கெட்டபோது தாங்கியிருக்கும். இரண்டும் போனால் கரண்ட் சும்மா இருக்காது. கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் என்று இஞ்சினைத் தொடும் எந்த இரும்பிலும் புகுந்து திரும்பப் பார்க்கும். காரணமே இல்லாமல் ஆக்சிலரேட்டர் கேபிள் இறுகும் பழைய கார்களில் இதையும் பார்ப்பது நல்லது.

புதிதாக 16 சதுர மில்லிமீட்டர் கேபிள், அழுத்திப் பிடித்த லக், மேலே சுருங்கும் ரப்பர் உறை. போல்ட் இடத்தைப் பளபளக்கும் தகரம் தெரியும்வரை சுரண்டி, பல் வாஷர் வைத்து முறுக்கி, அதற்குப் பிறகு கிரீஸ். கிரீஸை முதலில் பூசுபவர்கள் உண்டு, வரிசை முக்கியம். பின்சுவருக்கும் புது ஸ்ட்ராப். அதே சுமையில் இழப்பு 0.05 வோல்ட். எல்லா லைட்டும் போட்டிருக்கும்போது ரேடியேட்டர் ஃபேனுக்குப் போன 11.5 வோல்ட் இப்போது 13ஐத் தாண்டியது. ஃபேன் சத்தமே மாறிவிட்டது.

முள் இறங்கியது நல்ல செய்தி அல்ல

ஜம்பர் மாட்டியதும் முள் பாதியில் நின்றிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். காலுக்கும் கீழே போனதுதான் உறுத்தியது. சூடு, சூடு என்று எல்லோரும் துரத்திய இஞ்சின் உண்மையில் குளிரில் ஓடிக்கொண்டிருக்கிறது!

அகச்சிவப்பு வெப்பமானியை எடுத்தேன். அதைப் பளபளக்கும் அலுமினியத்தில் அடித்தால் குறைத்துக் காட்டும். கறுப்பு வயர் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன்மேல் அடிக்கவேண்டும். நெடுஞ்சாலையில் ஓட்டி வந்து உடனே பார்த்தபோது தெர்மோஸ்டாட் மூடியின் மேல் 65 டிகிரி சுமார். தனியாக உறுதிப்படுத்த, ஈசியூவுக்கு (இஞ்சினை நடத்தும் கணினிக்கு) தகவல் தரும் இரட்டை முனை சென்சாரின் இணைப்பியைக் கழற்றி ஓம் பார்த்தேன். கேஜுக்குப் போவது வேறு, இது வேறு. மிட்சுபிஷி கணக்கில் இது 20 டிகிரியில் 2.1 முதல் 2.7 கிலோ ஓம், 80 டிகிரியில் 260 முதல் 360 ஓம். இங்கே 450. ஆக 65, 67 டிகிரி என்பது பொய்யில்லை.

'தெர்மோஸ்டாட் கழற்றப்பட்டது' என்ற அந்த ஒரு வரி இப்போது பேசுகிறது. "நம்ம ஊரு சூட்டுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு" என்ற பேச்சு இங்கே பட்டறைக்குப் பட்டறை உண்டு. எனக்கு இதில் சமரசம் கிடையாது: அது தவறு. வெளியே 33 டிகிரி என்பது இஞ்சினுக்கு வெயிலே அல்ல. அதற்குத் தேவை 80க்கு மேல். தெர்மோஸ்டாட் இல்லையென்றால் தண்ணீர் ஓயாமல் ரேடியேட்டருக்கு ஓடும், இஞ்சின் சூடேறவே ஏறாது. ஈசியூ, இன்னும் காலை நேரக் குளிர் ஸ்டார்ட்தான் என்று நினைத்துக்கொண்டு கூடுதல் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்கும். ப்ளக்கைக் கழற்றினால் நான்கிலும் கரி. "பெட்ரோல் கூடத்தான் குடிக்குது, வயசாச்சுன்னு விட்டுட்டேன்" என்றார் டீச்சர்.

82 டிகிரி என்று தலையில் பொறித்த தெர்மோஸ்டாட் வாங்கினோம். மாட்டுமுன் சட்டியில் தண்ணீர் வைத்து அடுப்பில் ஏற்றி, அது எப்போது வாய் திறக்கிறது என்று பார்த்துக்கொண்டோம். காற்று வெளியேறும் சின்ன ஊசி மேல்பக்கம் வரும்படி வைக்கவேண்டும். குழாய்த் தண்ணீரை வடித்துவிட்டுக் கூலன்ட் கலவை. ரேடியேட்டர் மூடியில் 0.9 என்று இருக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும், ஆனால் மூடியின் ரப்பர் காய்ந்திருந்தால் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. ரப்பர் காய்ந்திருந்தது. மூடியும் புதிது.

ஏர்கோன் போட்டு நின்ற இடத்தில் ஓடவிட்டோம். முள் பாதிக்குக் கீழே வந்து நின்றது. ஃபேன் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. ஹெட்லைட் போட்டேன். முள் அசையவில்லை.

பாலத்தில் நின்றுபோவது

இதோடு வேறெதையும் தொடாமல் வண்டியைத் திருப்பிக் கொடுத்தேன். காரணம் உண்டு. ஒரே நாளில் நாலு சாமான் மாற்றி இஞ்சின் அணைவது சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்று யாருக்கும் தெரியாது. மறுபடி வரும்போது ஆரம்பத்திலிருந்து தேடவேண்டும். எர்த் கோளாறால் இஞ்சின் அணைந்திருக்கவும் வாய்ப்புண்டு, ஆனால் எனக்கு நம்பிக்கையில்லை. ஈசியூவின் எர்த் இஞ்சினில் இருக்கிறது, அந்தப் பக்கம் 0.04தான் இழப்பு. "மறுபடி செத்தா பயப்படாதீங்க டீச்சர். முடிஞ்சா மூணு விஷயம் பாருங்க" என்று சொல்லி அனுப்பினேன்: ஆர்பிஎம் முள் என்ன செய்தது, செக் இஞ்சின் விளக்கு எரிந்ததா, பெட்ரோல் நெடி வந்ததா.

13.5 கிலோமீட்டர் பாலம், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேலே. அங்கே கார் செத்தால் ஒதுங்க இடமில்லை, பின்னால் லாரி. அபாய விளக்கைப் போட்டுவிட்டு, நெடுஞ்சாலை நிறுவனமான பிளஸ்ஸின் ரோந்து வண்டிக்காகக் காத்திருப்பதுதான் வழி. அப்படிக் காத்திருந்த ஒரு சாயங்காலத்தில் டீச்சர் எழுதிய சீட்டு, பயிற்சிப் புத்தகத்தில் கிழித்த தாள், கரும்பலகைக் கையெழுத்து:

"இரண்டாம் கியர். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே ஆர்பிஎம் முள் பட்டென்று 0. கிளட்ச் அழுத்தவில்லை. செக் இஞ்சின் விளக்கு எரிந்தது. சாவியை அணைத்துப் போட்டதும் விளக்கு எரிந்தது. ஸ்டார்ட் செய்தால் சுற்றுகிறது, முள் எழவில்லை. நெடி இல்லை."

பெரிய பெரிய ஸ்கேனர் தராத தகவல் இது. கிளட்ச் அழுத்தாமல் இரண்டாம் கியரில் உருள்கிறது என்றால் சக்கரமே இஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பெட்ரோல் தீர்ந்து செத்திருந்தால் ஆர்பிஎம் முள் வண்டியின் வேகத்தோடு மெல்ல இறங்கும். பட்டென்று 0 என்றால், இஞ்சின் சுற்றுகிறது என்ற செய்தியே வராமல் போயிருக்கிறது. சாவியைப் போட்டதும் விளக்கு எரிந்ததால் ஈசியூவுக்கு மின்சாரம் இருக்கிறது. கட்டுப்பாட்டு ரிலேயில் ஈயப்பற்று விரிசல் விட்டிருந்தால் அந்த விளக்கே எரிந்திருக்காது. பெட்ரோல் பம்ப் புதிதாக மாற்றியது வீண் என்பதும் தெரிந்துவிட்டது.

மிச்சம் இருப்பது, இஞ்சின் சுற்றுவதை ஈசியூவுக்குச் சொல்லும் கிராங்க் ஆங்கிள் சென்சார். இந்த இஞ்சினில் அது, ப்ளக்குகளுக்கு மின்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே, சிலிண்டர் ஹெட்டின் நுனியில், நல்ல சூட்டில் உட்கார்ந்திருக்கிறது. சூடேறினால் சாவதும் ஆறினால் பிழைப்பதும் இந்த வகை சென்சாருக்கு வழக்கம். முன்பு இஞ்சின் 65 டிகிரியில் ஓடியபோது அடிக்கடி வராத கோளாறு, தெர்மோஸ்டாட் போட்டபின் சீக்கிரமே வந்ததும் பொருந்துகிறது. டீச்சர் இதைக் கேட்டதும், "அப்ப நீங்க சரி பண்ணதால மோசமாச்சா?" என்றார். ஒரு வகையில் ஆமாம். மறைந்து கிடந்தது வெளியே வந்தது.

யூகத்தை நிரூபிக்கவேண்டும். இஞ்சினை ஓடவிட்டு, பெட்ரோல் அழுத்தமானி மாட்டினேன். இந்த இஞ்சினுக்கு ஐடிலில் (ஆக்சிலரேட்டர் அழுத்தாத ஓட்டத்தில்) 2.65 பார் சுமார், வேக்குவம் குழாயைக் கழற்றினால் 3.3க்குப் பக்கம் வரவேண்டும், வந்தது. பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பின்மேல் ஹேர் ட்ரையரைப் பிடித்தேன். ஹீட் கன் வேண்டாம், மூடி உருகும். சிறிது நேரம் ஒன்றுமில்லை. திடீரென ஒரு இருமல், இஞ்சின் அணைந்தது. சுற்றினால் ஆர்பிஎம் முள் படுத்தே கிடந்தது. அழுத்தமானி இறங்கவில்லை. டேஷ்போர்டின் கீழே உள்ள கண்டறியும் இணைப்பியில் பிழைக்குறி பார்த்தேன்: இரண்டு நீளம், இரண்டு குட்டை. 22. அந்தக் கால மிட்சுபிஷி அட்டவணையில் கிராங்க் ஆங்கிள் சென்சார். ஐஸ் தண்ணீரில் நனைத்த துணியை டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றிப் போட்டுச் சற்றுப் பொறுத்துச் சாவியைத் திருப்பினால், முதல் சுற்றிலேயே பிடித்தது.

மூடியைக் கழற்றினால் உள்ளே ஆயில் படலம். அச்சு சீல் தேய்ந்து இஞ்சின் ஆயில் மேலே ஏறியிருக்கிறது. துடைத்தால் கொஞ்ச நாள் ஓடும் என்ற ஆசை எனக்கும் உண்டு, ஆனால் பாலத்தில் போகிற காருக்கு அந்தச் சோதனை வேண்டாம்.

புது டிஸ்ட்ரிபியூட்டரா, பாதியாக வெட்டி இறக்குமதியாகும் பழைய கார்களின் சாமான் விற்கும் ஹாஃப்-கட் கடையா என்பது அடுத்த கேள்வி. ஃபெண்டர், கதவு, லைட், ஏர்கோன் குழாய் என்றால் ஹாஃப்-கட்தான் கெட்டிக்காரத்தனம். ஜப்பானிலிருந்து வந்த சாமான் பல நேரம் உள்ளூர்ப் புதுசைவிட மேல். சூட்டில் சாகும் மின்னணுச் சாமானுக்கு மட்டும் என் பதில் வேறு. அதுவும் இதே வயது, இதே நோய் அதிலும் பாதி முளைத்திருக்கும், கடை மேஜையில் குளிர்ந்து கிடக்கும்போது தெரியாது. டீச்சருக்குப் புதுசின் விலை கையைக் கடித்தது. முடிவில், சூட்டில் செத்தால் திருப்பி எடுத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்ட ஹாஃப்-கட் கடைக்காரரிடம் வாங்கினோம். இணைப்பியின் முள் எண்ணிக்கையும் வடிவமும் ஒன்றுதானா, அச்சு பக்கவாட்டில் ஆடுகிறதா, மூடிக்குள் ஆயில் உண்டா என்று பார்த்து எடுத்தது. சீலும் ஓ-ரிங்கும் புதிது போட்டேன். மாட்டிய பிறகு மறுபடி அதே ஹேர் ட்ரையர், முன்பைவிட அதிக நேரம். இஞ்சின் அசரவில்லை.

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றினால் டைமிங் லைட் இல்லாமல் வேலை முடியாது. டைமிங் சரிசெய்யும் முனையை எர்த் செய்துவிட்டு அடிப்படை 5 டிகிரியில் வைத்து, எர்த்தை எடுத்தபின் அது தானாக முன்னே நகர்கிறதா என்று பார்க்கவேண்டும். அந்த முனையை எர்த் செய்யாமலே காதால் கேட்டுத் திருகுபவர்கள் ஈசியூவோடு கயிறு இழுக்கிறார்கள்.

பேட்டரி

இது சுலபம். சாவி எடுத்து, கதவு பூட்டி, சற்று நேரம் கழித்து நெகட்டிவ் கேபிளுக்கும் தலைக்கும் நடுவே மீட்டர். 0.05 ஆம்பியருக்குள் இருக்கவேண்டிய இடத்தில் 0.25. ஒரு நாளைக்கு 6 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு வாரத்துக்குள் சுருண்டுவிடும். விடுமுறைக் கணக்கு அப்படியே பொருந்துகிறது. இரண்டு புதுப் பேட்டரி வாங்கியதில் கடைக்காரருக்குத்தான் நன்மை.

ஃபியூஸ்களைப் பிடுங்காமல், ஒவ்வொன்றின் முதுகிலும் தெரியும் இரண்டு உலோகப் புள்ளியில் மில்லிவோல்ட் பார்த்துக்கொண்டே போனால் கரண்ட் ஓடும் ஃபியூஸ் மாட்டிக்கொள்ளும். அதைப் பின்தொடர்ந்து ஸ்டியரிங் கீழே கைவிட்டதும், வெதுவெதுப்பான ஒரு பெட்டி. எப்போதோ பொருத்திய அலாரம். ரிமோட் தொலைந்து பல வருஷம். சைரனைக் கழற்றியவர் பெட்டியை விட்டுவிட்டார். உள்ளே இரண்டு ரிலே இரவும் பகலும் இழுத்துப் பிடித்தபடி. அதன் ஒரு வயர் இக்னிஷன் லைனை வெட்டி நடுவே முறுக்கிச் சேர்த்து, டேப் ஒட்டியிருந்தது. பசை உருகி டேப் தானாகக் கழன்றது. இஞ்சின் அணைவதற்கு இதையும் குற்றவாளி ஆக்கியிருக்கலாம். நல்ல வேளையாக டிஸ்ட்ரிபியூட்டர் வழக்கு இதைத் தொடுவதற்கு முன்பே நிரூபணமாகியிருந்தது. பெட்டியை முழுக்க எடுத்து, லைனைப் பழையபடி ஈயம் வைத்து இணைத்தேன். இப்போது 0.02.

மிச்சம் இருப்பவை

வால்வ் மூடி கேஸ்கெட் ஒழுகுகிறது. அந்த ஆயில் நேராகப் புது டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம்தான் வழிகிறது; ஃபோர்மேனிடம் சொல்லியாயிற்று, சின்ன வேலை. ஐடிலைக் கட்டுப்படுத்தும் ஸ்டெப்பர் மோட்டாரில் நான்கு சுருளும் 30 ஓம் சுற்றுவட்டாரத்தில் இருக்கின்றன. 28 முதல் 33 வரை சரி. இதைக் கேட்காமலேயே பார்த்துவைத்தேன். அந்தச் சுருள் ஷார்ட் ஆனால் ஈசியூவின் உள்ளே அதை ஓட்டும் பகுதியையும் சேர்த்து எரித்துவிடும். பழைய வீராவில் ஐடில் தாறுமாறாக ஏறி இறங்கினால் மோட்டாரை அளக்காமல் ஈசியூ மாற்றாதீர்கள், புது ஈசியூவும் அதே வழியில் போகும்.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று அந்த நீலக் கோப்பில் ஒரு காகிதமும் இல்லை. இருப்பதிலேயே எனக்கு அதிகம் கவலை அதுதான். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டின் பின்னால் இருப்பதால் இரண்டையும் ஒன்றாகச் செய்யச் சொன்னேன். அடுத்த விடுமுறையில் பார்க்கலாம் என்றார். அதற்கு முன் ஏர்கோனைக் கொஞ்சம் பார்க்கமுடியுமா, மதியத்தில் பாலத்தில் காற்று சூடாக வருகிறது என்றும் கேட்டார். பெல்ட் முதல், ஏர்கோன் பிறகு என்று பில்லின் அடியில் எழுதிக் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதையும் கோப்பில் குத்திக்கொண்டார்.